உழைச்செல்வான்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றும் எவரும் எண்ணக்கூடியவை. நான்காமவனை வள்ளுவர் உழைச்செல்வான் என்கிறார். எங்களில் நடுவன் திருப்பூரில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். ஒருமுறை முதலாமாண்டு வகுப்பில் இச்சொல்லுக்குப் பொருள் கேட்டான். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "உழைக்கப் போறவங்க சார்" என்றாள். வகுப்பு சிரித்தது. விடுமுறை நாட்களில் பனியன் கம்பெனிக்குப் போய்க் கட்டணம் சேர்க்கிற பிள்ளைகள் பலர் இருந்த வகுப்பு அது. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தை அளிப்பவனே உழைச்செல்வான் என்று திருத்தினான். அன்றிரவு தொலைபேசியில் எங்களுக்கும் இதைச் சொன்னான். நாங்கள் மூவரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தத் தவறான பொருளே நெடுங்காலம் சரியாக இருந்தது.

நாங்கள் என்பது அக்கா, நடுவன், தம்பி. எழுதும் கை ஒன்றுதான். ஆனால் எங்கள் அப்பாவைப் பற்றி ஒருவர் மட்டும் பேசினால் மற்ற இருவரின் நினைவு அதை மறுத்துவிடும். ஆகவே மூவரும் ஒப்புக்கொண்டதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

*

அப்பா தாராபுரம் பக்கத்து மானாவாரி நிலத்தை விட்டு 1970களில் திருப்பூருக்கு வந்தவர். எடுபிடி வேலையில் தொடங்கிக் கட்டிங் மாஸ்டரானார். அடுக்கடுக்காக விரித்த துணியின் மேல் அட்டையை வைத்துச் சாக்பீசால் கோடிழுத்து, அந்தக் கோட்டின் மேலேயே வெட்டுக்கத்தியை ஓட்ட வேண்டும். கோடு ஒரு நூலளவு விலகினாலும் ஓர் அடுக்கு முழுவதும் வீணாகும். அவருடைய கை விலகாது என்று பேர் இருந்தது. அம்மா அதே கம்பெனியில் கைமடிக்குப் போனாள். 15 வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம்.

1993இல் ஒரு ஷிப்மெண்ட் நெருக்கடியில் அப்பா ஐந்து இரவுகள் தொடர்ந்து வேலை பார்த்தார். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தவருக்குத் தூக்கம் தேவைப்படவில்லை. விடிய விடியப் பேசினார். இனிக் கூலிக்குப் போவதில்லை, சொந்தக் கம்பெனி தொடங்கப்போகிறோம் என்றார். இரண்டு சிங்கர், ஓர் ஓவர்லாக், ஒரு பேட்லாக் ஆகியவற்றுக்கு முன்பணம் கொடுத்தார். எங்கள் மூவரின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கம்பெனிக்குப் பெயர்ப்பலகையும் எழுதி வாங்கி வந்தார்.

அதை ஒருவர்கூட நோய் என்று எண்ணவில்லை. எப்படி எண்ணுவார்கள்? தூக்கம் விட்டவர்கள்தாம் இங்கே முன்னுக்கு வந்தவர்கள். கூலியாக நுழைந்து முதலாளியானவர்களின் ஊர் இது. 2004இல் வெளிவந்த தன் நூலில் ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரின் இந்த இயல்பையே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தம் உழைப்பையே முதலாக்கி உயர்ந்தோம் என்று சொல்லும் முதலாளிகளின் கதை அது. அப்பா பேசியதும் அந்த மொழியைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்லிக் கடனும் கொடுத்தார். வேறோர் ஊரில் இரண்டாம் நாளே தென்பட்டிருக்கக்கூடிய நோய், திருப்பூரில் உழைப்பு என்ற பெயரில் ஒன்பது நாள் நடமாடியது.

ஒன்பதாம் நாள், மிச்சப் பணம் கேட்டு வந்த மெஷின்காரர் வாசலைத் தாண்டுவதற்குள் அப்பா வெடித்தார். தடுக்கப்போன அம்மாவின் மணிக்கட்டில் கட்டிங் ஸ்கேலால் அடித்தார். எலும்பு விரிசல் விட்டது. மாமாக்கள் வந்து அவரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டுவதற்குக் கயிறு தேடவில்லை. மூலையில் மூட்டையாகக் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை முறுக்கிக் கட்டினார்கள். அவர் வெட்டிய துணியின் மிச்சம் அது. கட்டியபின் அவர் அழுதது எங்கள் மூவருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்கிறது. மற்றவற்றில் நாங்கள் வேறுபடுகிறோம்.

*

கோவையில் ஒரு மருத்துவர் நோய்க்குப் பெயர் சொன்னார். இன்று பைபோலார் என்றும் இருமுனையப் பிறழ்வு என்றும் வழங்கும் நோய். சில வாரங்கள் மிதமிஞ்சிய எழுச்சி, சினம், உறக்கமின்மை. பிறகு மாதக்கணக்கில் கிணற்றடி இருள். இரண்டுக்கும் இடையில் வழக்கமான அப்பா. லித்தியம் என்ற மாத்திரையை நிறுத்தாமல் தரச் சொன்னார்.

லித்தியம் ஒரு தனிமம். மாத்திரையில் இருப்பது அதன் உப்பு. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் இது பித்தவெறியைத் தணிக்கிறது என்று எழுதினார். அவர் இதைக் கொடுத்த முதல் நோயாளியின் வரலாற்றை நாங்கள் பின்னாளில் படித்தோம். ஐந்தாண்டுகள் தணியாத வெறியில் இருந்தவர், சில மாதங்களில் தெளிந்து வீடு திரும்பினார். அங்கே மருந்தைக் கைவிட்டார். நோய் திரும்பியது, அவரும் மருத்துவமனைக்குத் திரும்பினார். மருந்தின் வரலாற்றோடே மருந்தை விட்டவரின் வரலாறும் தொடங்குகிறது. இது தெரியாத காலத்தில், உலகில் எங்கள் அப்பா ஒருவர்தாம் இத்தனை பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்தோம்.

அவர் பத்து நாள் விழுங்குவார், ஆறு நாள் விடுவார். ஒரு மாதம் விழுங்குவார், பிறகு மாத்திரை அட்டை அரிசிப் பானைக்குள் கிடக்கும். விட்ட சில வாரங்களில் கோபம் வரும். அதற்கு முன்னறிவிப்பும் உண்டு. விடிகாலை நான்கு மணிக்கு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுவார். முன்பின் தெரியாதவருக்கு டீ வாங்கிக் கொடுப்பார். அம்மாவுக்கு இரண்டு முழம் பூ வாங்கி வருவார். பூ வந்தால் எங்களுக்கு வயிறு கலங்கும். அடுத்த சில நாட்களில் சோற்றுத்தட்டு சுவரில் இருக்கும். தம்பி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முந்திய இரவைக் கோயில் திண்ணையில் கழித்தான். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு குடும்பம் காபி குடிக்காமலே எழுந்து போனது.

நாங்கள் வளர வளர எங்களிடம் ஒரு கேள்வி உருவானது. "மாத்திரை போட்டீங்ளாப்பா?" காலையில் கேட்டோம், இரவில் கேட்டோம். வெளியூர் போனபின் தொலைபேசியில் கேட்டோம். அவர் எதற்குக் குரலுயர்த்தினாலும் எங்கள் விடை இந்தக் கேள்விதான். கறிக்கடைக்காரர் எடையில் ஏமாற்றியதற்காக அவர் கோபப்பட்டபோதும் கேட்டோம். கேள்வி வடிவில் இருந்தாலும் அது அக்கறையன்று. வாயை மூடுங்கள் என்பதன் மரியாதையான வடிவம் என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், அப்பாவை அந்தப் பக்கம் எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். நாங்கள் மூவரும் உடனே மறுக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். மறுத்தவள் அம்மா. "அவரு போயிட்டா நான் யாருகூடச் சண்ட போடறது?" என்றாள். செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்தபின் நாங்கள் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை.

*

அம்மா 2013இல் இறந்தாள். காரியம் முடிந்து அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்தபோது, சேலைகளின் அடியில் சுருட்டி வைத்த மாதக் காலண்டர்கள் கிடைத்தன. மளிகைக்கடையும் நகைக்கடையும் ஆண்டுதோறும் இலவசமாகத் தருபவை. 1996 முதல் 2012 வரை, இடையில் இரண்டொரு ஆண்டுகள் இல்லை. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி. சில கட்டங்களில் புள்ளி இல்லை. புள்ளியில்லாத நாட்கள் தனித்தனியாக இல்லாமல் ஐந்தாறாகச் சேர்ந்தே இருந்தன. அவற்றின் முடிவில் ஒரு சிறு கத்திரிக்கோல் படம். அம்மாவுக்கு எழுத வராது. கணக்கை அவள் இப்படித்தான் வைப்பாள்.

புள்ளி மாத்திரை என்று புரிந்தது. கத்திரிக்கோல் புரியவில்லை. அப்பாவிடம் கொண்டுபோனோம். வெகுநேரம் தாளைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அது பெரிய ஆர்டர் வெட்டுன நாளு கண்ணு. அந்த மாத்திர போட்டா கை நடுங்கும். சாக்பீசு நேரா ஓடாது. அதனால ஆர்டர் வர்றதுக்கு அஞ்சாறு நாள் முன்னயே உங்கம்மா மாத்திரய எடுத்து வெச்சுருவா. வெட்டி முடிச்சாத் திரும்பக் குடுப்பா."

"டாக்டர்ட்ட ஏனுங்ப்பா சொல்லல?"

"கை நடுங்குதுன்னு கட்டிங் மாஸ்டர் வெளிய சொல்லுவானா? அப்பறம் எவன் வேல குடுப்பான்? உங்க பீசு கட்டோணுமல்ல."

அன்றிரவு காலண்டர்களை விரித்து வைத்து, எங்கள் நினைவில் இருந்த கோபங்களை அவற்றோடு ஒத்துப் பார்த்தோம். கத்திரிக்கோல் விழுந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் அநேகமாக ஒரு கோபம் இருந்தது. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்துவதே நோயைத் திரும்ப இழுத்து வரும் என்று பின்னர் ஒரு மருத்துவர் விளக்கினார். ஜூன் மாதங்களில் கத்திரிக்கோல்கள் அதிகம். பள்ளியும் கல்லூரியும் திறக்கும் மாதம். எந்தக் கோபத்துக்காக நாங்கள் அவரை மன்னிக்காமல் இருந்தோமோ, அந்தக் கோபத்தின் விலையில்தான் எங்கள் படிப்பு நடந்திருக்கிறது. நடுவனின் முதுகலைத் தமிழும் அதில் அடக்கம்.

ஓர் ஆண்டு மட்டும் மாறுபட்டிருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யலில் கலந்த கழிவுக்காக வந்த தீர்ப்பு அது. சாயம் ஏறாமல் துணி இல்லை, துணி இல்லாமல் கட்டிங் இல்லை. ஊரே நிலைகுலைந்த அந்த ஆண்டின் காலண்டரில் பல மாதங்கள் இடைவெளியில்லாமல் புள்ளிகள். அந்த ஆண்டு அப்பா அமைதியாக இருந்தார். வேலையில்லாத ஏக்கத்தில் ஒடுங்கிவிட்டார் என்று எண்ணியிருந்தோம். மருந்து வேலை செய்த ஆண்டு அது. கைக்கு வேலையில்லாததால் மருந்துக்கு வேலை கிடைத்திருக்கிறது.

*

அந்தக் குறளுக்கு உரையெழுதிய பரிமேலழகர், நான்கு கூறுகளுள் ஒவ்வொன்றுக்கும் நான்கு பண்புகள் சொல்கிறார். நோயாளிக்கு வேண்டியவை பொருளுடைமை, மருத்துவன் வழி நிற்றல், தன் நிலையை எடுத்துரைக்கும் ஆற்றல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல். நடுவன் இதைப் பலமுறை நடத்தியிருக்கிறான். நான்காவதை அவன் வேகமாகக் கடந்துபோவது வழக்கம். நோயின் துன்பம் வேறு, மருந்தின் துன்பம் வேறு என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் உரையாசிரியர் பிரித்தறிந்திருக்கிறார். இருபது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்த எங்களுக்கு அது தெரியவில்லை.

இந்நோயை ஆராய்ந்தவரும் இந்நோயோடு வாழ்பவருமான அமெரிக்கப் பேராசிரியர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் 1995இல் தன் வரலாற்றை எழுதினார். மருந்தின் இன்றியமையாமையை மற்றவர்க்கு எடுத்துச் சொல்லும் இடத்தில் இருந்த அவரே லித்தியத்தை எதிர்த்திருக்கிறார், விட்டிருக்கிறார். எழுச்சி நாட்களின் இனிமை ஒரு காரணம். இன்னொரு காரணம், மருந்து உட்கொண்ட காலத்தில் அவரால் புத்தகம் படிக்க முடியவில்லை என்பது. அளவைக் குறைத்தபின் வாசிப்பு அவருக்குத் திரும்பியது. அவருக்குப் படிப்பு; அப்பாவுக்குக் கோடு. இலக்கியம் படிக்கிற நாங்கள் அவருடைய இழப்பை உடனே புரிந்துகொண்டோம். அப்பாவினுடையதைப் புரிந்துகொள்ள ஒரு தகரப்பெட்டி திறக்க வேண்டியிருந்தது.

2014இல் புதிய மருத்துவர் ஒருவரிடம் காலண்டர்களோடு போனோம். அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடுக்கம் லித்தியத்தின் வழக்கமான பக்கவிளைவு என்றார். இரத்தத்தில் அளவு பார்த்து மருந்தைக் குறைத்தார். நடுக்கத்துக்கென்று ஒரு சிறு மாத்திரையும் சேர்த்தார். இரண்டு மாதங்களில் அப்பா டம்ளரைத் தளும்பாமல் பிடித்தார். முன்பே சொல்லியிருந்தால் முன்பே செய்திருக்கலாம் என்றார் மருத்துவர். அப்பாவுக்கு அப்போது 61 வயது. கட்டிங் வேலையை விட்டு ஓராண்டு ஆகியிருந்தது.

*

இதன்பின் எல்லாம் நலம் என்று முடித்தால் அது பொய். 2016 மே மாதம் தோள்வலிக்காக அப்பா மருந்துக்கடையில் தாமாகவே வலிமாத்திரை வாங்கி நான்கு நாள் விழுங்கினார். கத்திரி வெயில். ஐந்தாம் நாள் காலை வாந்தி, வயிற்றுப்போக்கு. மாலையில் சாலையோரம் தள்ளாடி விழுந்தார். நாக்குக் குழறியது. குடிகாரன் என்று எண்ணிப் பலர் விலகிப் போனார்கள். ஓர் ஆட்டோக்காரர் மட்டும் நின்று, சட்டைப்பையில் இருந்த மருந்துச்சீட்டைப் பார்த்து மருத்துவமனையில் சேர்த்தார்.

லித்தியம் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. இரத்தத்தில் 1 என்ற அளவை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் மருந்து; 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. அப்பாவுக்கு 2ஐத் தாண்டியிருந்தது. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். வெயிலில் உடல்நீர் வற்றினாலும், திடீரென்று உப்பைக் குறைத்தாலும் இரத்தத்தில் அளவு ஏறும். ஜான் கேட்டின் அந்த முதல் நோயாளி 1950இல் இறந்ததும் லித்திய நஞ்சேறித்தான். மருந்து போட்டீங்களா என்று ஆயிரம் முறை கேட்ட நாங்கள், வேறு என்ன மருந்து போட்டீங்க என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மருந்தை நிறுத்தி உடலைத் தேற்றி, சில வாரங்கள் கழித்துக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார்கள். இப்போது குறித்த இடைவெளியில் லித்திய அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றுக்கும் பரிசோதனை உண்டு. தேதிகளை அக்கா வைத்திருக்கிறாள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நோயாளி தெளிவோடு இருக்கும்போதே, நோய் மிகும் காலத்தில் தனக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எழுதிவைக்க அது உரிமை தருகிறது. தன் சார்பில் பேச ஒருவரை வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நியமிக்கவும் வழி செய்கிறது. சங்கிலியிட்டுப் பிணைப்பதைத் தடைசெய்கிறது. 2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினோம். அக்காவின் பெயரைச் சொன்னார். பிறகு, தாம் சொல்வதை எழுதிக்கொள்ளச் சொன்னார். நடுவன் எழுதினான். இரண்டே செய்திகள். ஒன்று, என்ன ஆனாலும் துணியால் கட்டக்கூடாது. மற்றொன்று, "கோபப்பட்டா ஒடனே மாத்திரையப் பத்திக் கேக்கக் கூடாது. மொதல்ல எதுக்குக் கோபம்னு கேக்கோணும்."

இரண்டாவதைச் சட்டம் எதிர்பார்த்திருக்காது. ஆனால் நாங்கள் அதற்குக் கட்டுப்பட முயல்கிறோம். இரண்டு இரவு தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கினால் அது நோய்; மருத்துவரை அழைக்கிறோம். நன்றாக உறங்கி எழுந்து கோபப்பட்டால் அது அப்பா. தம்பி ஊர் நிலத்தை விற்கப் பேசியபோது வந்த கோபம் அப்படிப்பட்டது. தட்டு பறக்கவில்லை, குரல் மட்டும் உயர்ந்தது. தம்பியின் நாக்கு நுனிவரை அந்தப் பழைய கேள்வி வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு, "எதுக்குக் கோபம்னு சொல்லுங்ப்பா" என்றான். அவர் சொன்னார், அரைமணி நேரம். நிலம் விற்கப்படவில்லை.

அடித்தது அடித்ததுதான். அம்மாவின் மணிக்கட்டு கடைசிவரை மழைநாளில் வலித்தது. நோய் காரணம் என்பதால் அந்த வலி குறையவில்லை. அக்கா இன்றும் யாராவது பூ வாங்கி வந்தால் ஒரு கணம் முகத்தைப் பார்க்கிறாள். புரிந்துகொள்வது வேறு, மறப்பது வேறு. எங்களால் முதலாவது ஓரளவுக்கு முடிந்திருக்கிறது.

உழைச்செல்வானுக்கு உரையாசிரியர் சொல்லும் பண்புகளில் முதலாவது நோயாளியிடம் அன்பு. இன்னொன்று, சொன்னதைச் சொன்னபடி செய்தல். அம்மாவிடம் முதலாவது இருந்தது. மற்றதை அவளால் செய்ய இயலவில்லை. சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் மாத்திரைக்கும் நடுவில் அவள் தனியாக நின்று கணக்குப் போட்டாள். எங்களுக்கு மற்றது எளிதாக வந்தது. முதலாவதைக் கற்கத்தான் நாளாயிற்று.

அப்பாவுக்கு இப்போது 72 வயது. இந்த ஆண்டின் காலண்டர் அவருடைய கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. இரவு மாத்திரையை விழுங்கிவிட்டு அவரே எழுந்துபோய்ப் புள்ளி வைக்கிறார். சென்ற மாதம் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. நாங்கள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே, "ரெண்டு நாளு தலை சுத்துச்சு, அதனால போடல. டாக்டருக்குப் போனு போடு" என்றார். போட்டுக் கொடுத்தோம். அவரே பேசினார்.